வரிசையில் நார்மனின் இடம்

நார்மன் கோடெட் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அறுபத்தொன்பது வயது ஆளை ‘இருந்தான்’ என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் அன்றைக்கு அவன் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லட்சணத்துக்கு ‘இருந்தார்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பக்கத்து சீட்டில் பியூகிள் என்கிற பித்தளை ஊதுகொம்பு வைத்த பெட்டி இருந்தது. அதற்கு சீட் பெல்ட் வேறு போட்டிருந்தான்.

எதிரே செயின்ட் ஓடில் பள்ளிக்கூடத்தின் பின்புறத் தார் மைதானம். அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒத்திகை நாள். மடக்கு நாற்காலிகள், ஒரு நீள மேஜை, அதன்மேல் காபி கெண்டி, சுற்றி முப்பது நாற்பது கிழங்கள். சிலர் கழுத்தில் டிரம் தொங்கியது, சிலர் கையில் பியூகிள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது நார்மனுக்கு முகங்கள் பிடிபடவில்லை, நடைதான் பிடிபட்டது. அந்தப் பக்கவாட்டுத் தத்தல் நடை ரெயால். கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து சிரிக்கிறவன் ஜெரார். ஐம்பது வருஷம் ஆகியும் மனிதர்கள் நடையை மாற்றிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

அவன் குடியிருந்த பாட்டக்கெட்டிலிருந்து இந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற வூன்சாக்கெட்டுக்கு அரை மணி நேரம் கார் ஓட்டினால் போதும். அந்த அரை மணி நேரத்தை ஓட்ட அவனுக்கு ஐம்பது வருஷம் பிடித்தது. நடுவில் ஆற்றைத் தவிர வேறு தடையும் இல்லை. ஆற்றுக்குப் பாலம்கூட இருக்கிறது.

வசந்தத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தான். அவன் ஒரு காலத்தில் பியூகிள் ஊதிய அணிவகுப்பு வாத்தியக் குழுவான செயின்ட் ஓடில் சென்டினல்ஸின் பழைய ஆட்கள் ஒன்றுகூடி, இலையுதிர்கால விழாவில் ஒரே ஒரு தடவை மைதானத்தில் இறங்கப்போகிறார்கள். 1973இல் வாசித்த அதே நிகழ்ச்சி. ஊத முடிந்தவர், அடிக்க முடிந்தவர், சும்மா நிற்க முடிந்தவர் எல்லாரும் வரலாம். நார்மன் முட்டை ஆறும்வரை அதைப் படித்தான். மறுநாள் போய் ஒரு பழைய பியூகிளை வாங்கி, கார் ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஊத ஆரம்பித்தான். பக்கத்து வீட்டு நாய் கூடவே ஊளையிட்டது. அவன் மனைவி காரல் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் இருந்திருந்தால் நாயின் பக்கம்தான் பேசியிருப்பாள்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சின்ன பியூகிள் வரிசையின் நடுவில், தனி வாசிப்புக்காரன் நிற்கிற அந்தப் பழைய இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும். அதற்கு முன்னால் அவர்கள் முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளத் தயாராக வந்திருந்தான்.

சென்டினல்ஸ் ஒன்றும் பெரிய அணி இல்லை. மாதா கோயில் பங்கு நடத்தின பிங்கோ ஆட்டத்தில் வந்த காசில் வாங்கின பியூகிள்கள், அம்மாமார் தைத்த பச்சை உடுப்பு, பாதி வழியில் மூச்சை விட்டுவிடும் ஒரு பழைய பஸ். கோடை பிறந்தால் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஓர் ஊர் மைதானத்தில் போட்டி. அந்தக் காலத்து நடுவர்கள் மேலே உட்கார்ந்து மார்க் போடுகிறவர்கள் இல்லை. அட்டையும் பென்சிலுமாக வரிசைகளுக்குள்ளேயே புகுந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூடவே நடப்பார்கள். ஒருத்தன் கால் முந்தினால் ஒரு கோடு. ஒருத்தன் சுரம் வழுக்கினால் ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு மதிப்பெண் கழியும். ஊதிக்கொண்டிருக்கும்போதே காதருகில் பென்சில் கீறுகிற சத்தம் கேட்கும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தலை திரும்பக் கூடாது, கண் நேர் எதிரே இருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் இந்தக் கெடுபிடியை யாராவது வீட்டில் காட்டியிருந்தால் வீட்டைவிட்டே ஓடியிருப்பார்கள். இங்கே தவம் கிடந்தார்கள்.

பியூகிளும் டிரம்மும் பையன்களுக்கு மட்டும்தான். பெண்கள் கொடி பிடிக்கலாம், வாய் வைத்து ஊதக் கூடாது என்பது பங்குச் சாமியார் ஃபாதர் துப்ரே போட்ட சட்டம். ரெயாலின் தங்கை ஜனீன் கொடி பிடித்தாள். 1973 வசந்தத்தில் நார்மனும் அவளும் ஊரறியச் சேர்ந்து திரிந்தார்கள். சாயங்காலங்களில் அவள் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து, விளையாட்டுக்காகத் தன் தனி வாசிப்பை அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். ஒரு வாரத்தில் அவள் பிடித்துக்கொண்டாள். “இதுக்கா இவ்வளவு பீத்திக்கிற?” என்று கேட்டாள்.

ஜூலை கடைசியில் வந்தது சோதனை. பாட்டக்கெட்டின் பெரிய அணியான கமோடோர்ஸில் ஒரு பியூகிள்காரன் பட்டாளத்துக்குப் போய்விட, அவர்களுடைய மேலாளர் நார்மன் வீடு தேடி வந்தார். கையில் அணியின் கருநீல மேலங்கி. நார்மனின் அளவு எப்படித்தான் தெரிந்ததோ, தைத்து வைத்தது போலப் பொருந்தியது. அந்த அணிதான் அந்த வருஷம் ஜெயிக்கப்போகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். நார்மன் சரி என்றான்.

போனது குற்றமில்லை. எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஆனால் போவதற்கு ஒரு முறை இருந்தது. போகிறவன் ஒத்திகை நாளில் எல்லாருக்கும் முன்னால் வந்து, தொப்பியையும் பியூகிளையும் ஃபாதர் கையில் கொடுத்து, வரிசை முழுக்கக் கைகுலுக்கிவிட்டுப் போக வேண்டும். திட்டுகிறவன் திட்டுவான், அழுகிறவன் அழுவான். எது எப்படியானாலும் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நார்மன் என்ன செய்தான் தெரியுமா? ஊரே பூசையில் இருந்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு மளிகைக்கடைக் காகிதப் பையில் போட்டுச் சாமியார் வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டுக் கம்பி நீட்டினான். ரெயாலிடம் சொல்லவில்லை. ஜனீனிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் பெட்ரோல் பங்கில் யாரோ சொன்னான்: “உங்க பழைய அணி வரிசைல ஓட்டையோட போகுதாமே?” அந்த அணிகளில் ஓர் ஆள் குறைந்தால் மற்றவர்கள் நகர்ந்து இடத்தை நிரப்புவதில்லை. ஒவ்வொருத்தனும் பக்கத்து ஆளை வைத்து அளந்துதான் நடக்கிறான். ஒருத்தன் நகர்ந்தால் எல்லாம் குலைந்துவிடும். அதனால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, அங்கே ஆள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நடப்பார்கள். மேலிருந்து பார்த்தால் முன்பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். அந்த ஓட்டை தன்னுடையதுதான் என்று நார்மன் அந்த நிமிஷமே முடிவு கட்டினான். யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பெரிய போட்டி. முடிவு சொல்லும்போது எல்லா அணிகளும் மைதானத்தில் எதிரெதிராக வந்து நிற்க வேண்டும். கமோடோர்ஸுக்கு நேர் எதிரே சென்டினல்ஸ் நின்றார்கள். நார்மன் தன் வெள்ளை ஷூக்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். கமோடோர்ஸ் ஜெயித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள், இவனும் கத்தினான், ஷூவைப் பார்த்தபடியே. அந்தக் குளிர்காலத்தில் சென்டினல்ஸ் அணி கலைந்தது. அதையும் எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான். அவன் அம்மா இரண்டு மூன்று தடவை, “அந்த ஜனீன் பொண்ணு இருக்கே, அவ என்ன பண்ணினா தெரியுமா...” என்று ஆரம்பித்தாள். அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அம்மாவும் விட்டுவிட்டாள்.

காரின் கண்ணாடியை ஒரு தடிக்கொம்பு தட்டியது.

“யார்றா அது? போலீஸா, பொணமா? வந்ததுலேர்ந்து அசையக் காணோம்!”

ரெயால்தான். இடுப்பு மாற்று அறுவை நடந்து, கையில் தடியோடு, முன்பைவிட இரு மடங்கு பருத்து நின்றான். நார்மன் கண்ணாடியை இறக்கினான். ரெயால் குனிந்து பார்த்தான், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தான்.

“அட, கோடெட்! உசுரோடதான் இருக்கியா நீ? போன வருஷம் பேப்பர்ல ஒரு கோடெட் செத்துப்போயிருந்தான். நீன்னு நெனச்சு கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன்டா. வீணாப்போச்சு.”

“ரெயால்... நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“எல்லாம் சாப்ட்டுட்டுச் சொல்லு. ஜெரார் டைனமைட் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கான். ஆறிப்போனா அதைத் தின்ன முடியாது, செருப்புக்கு அட்டையாத்தான் போடணும். எறங்கு, எறங்கு. பெட்டிக்கு எதுக்குடா பெல்ட்டு? குழந்தையா அது?”

மேஜையருகே போவதற்குள் நாலைந்து பேர் முதுகில் தட்டினார்கள். ஒருத்தர் அவனை வேறு யாரோ என்று நினைத்து, ‘உன் தம்பி எப்படி இருக்கான்?’ என்று கேட்டார். நார்மனுக்குத் தம்பியே கிடையாது. ஜெரார் ஒரு நீள ரொட்டியைப் பிளந்து, அந்த ஊர் டைனமைட்டான குடமிளகாயும் கொத்துக்கறியும் வழிய வழிய நிரப்பிக் கையில் திணித்தான்.

“தின்னு. ஒல்லியாப் போயிட்ட. பாட்டக்கெட்ல சோறு போட மாட்டாங்களா?”

நார்மனிடம், கார் ஷெட்டில் நாய்க்கு முன்னால் பல தடவை சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. ‘நான் உங்களுக்கெல்லாம் பெரிய துரோகம் பண்ணிட்டேன்’ என்று தொடங்கும். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு ஆரம்பித்தான். “நான் உங்களுக்கெல்லாம்...” அதற்குள், மூன்றாவது பாட்டை எந்த வேகத்தில் அடிப்பது என்று டிரம்காரர்கள் இருவர் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

“அப்போ அடிச்ச வேகத்துலதான் அடிக்கணும்!”

“அப்போ உனக்கு முட்டி இருந்துச்சு! இப்போ அந்த வேகத்துல அடிச்சா ஆம்புலன்ஸ்தான் வரும்!”

எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நார்மன் கையில் ரொட்டியோடு நின்றான். ஐம்பது வருஷமாகச் சுமந்த மூட்டையை இறக்கி வைக்கலாம் என்று வந்தவனுக்கு, வைக்க ஓர் இடம் காட்ட அங்கே ஆளில்லை.

“ரெயால்,” என்றான், கொஞ்சம் உரக்கவே. “அந்த ஓட்டைக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்.”

“எந்த ஓட்டை?”

“வரிசைல. நான் போனப்புறம் நீங்க நிரப்பாம விட்டீங்களே. என் எடம்.”

ரெயால் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு அவன் வயிறு குலுங்க ஆரம்பித்தது. தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, சத்தமே வராமல் சிரித்தான். அப்புறம் சத்தம் வந்தது.

“ஜெரார்! டேய் ஜெரார், இங்க வாடா! இவன் உன் ஓட்டையை எடுத்துட்டுப் போய் ஐம்பது வருஷமா வச்சிருக்கான்!”

ஜெரார் கரண்டியோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்துவிட்டான்.

“அது நான்டா, கோடெட்! எனக்குப் பொன்னுக்குவீங்கி! நீ போன அடுத்த வாரம் வந்துச்சு. ரெண்டு கன்னமும் பன்னு மாதிரி வீங்கி, தொப்பிப் பட்டையே மாட்ட முடியல. ஒரு மாசம் என்னை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்தாங்க. ஒரு பொன்னுக்குவீங்கிக்கு மன்னிப்புக் கேட்ட மொத ஆளு நீதான்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நார்மனும் சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை.

“அணி கலைஞ்சுதே... அது?”

“மில்லு மூடிட்டான்,” என்றான் ரெயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பாதி ஊரு வேலை தேடிப் போயிருச்சு. பிங்கோவுக்கு ஆளில்ல. அப்புறம் பஸ்ஸு வேற நடு ரோட்ல செத்துப்போச்சு. நீ போனதுக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்? நெனப்பைப் பாரு இவனுக்கு!”

வசை வாங்கத் தயாராக வந்தவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. திட்டியிருந்தால் தலையைக் குனிந்து நின்றிருப்பான், அதற்கு அவனிடம் பழக்கம் இருந்தது. உன்னால் ஒன்றும் கெடவில்லை என்று சொன்னால் என்ன செய்வது? எத்தனை கல்யாணங்களுக்கு வராமல் இருந்தான், எத்தனை சாவுகளுக்கு வராமல் இருந்தான்! ரெயாலின் அப்பா இவனைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர். அவருடைய அடக்கத்துக்குக்கூட வராமல் பாட்டக்கெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தன்னைப் பார்த்தால் எல்லாரும் எரிந்து விழுவார்கள் என்று. இங்கே அவனை நினைத்து ஓர் ஆளுக்குக்கூட ஒருநாள் தூக்கம் கெடவில்லை. தன்னை எவ்வளவு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூசியது.

“அப்போ என் எடம்?” என்று கேட்டான். “அதுல யாரு நின்னா?”

சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெரார் கரண்டியால் மைதானத்தின் மறுகோடியைக் காட்டினான்.

“அவளையே கேளு.”

ஒரு பெண்மணி தனியாக நின்று பியூகிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்ட வெட்டின வெள்ளை முடி. சாம்பல் நிறச் சட்டை. ஒரு காலில் எடையைப் போட்டு, பியூகிளை நெஞ்சோடு சாய்த்து நிற்கிற அந்த நிலையைப் பின்படியில் அவன் பார்த்திருக்கிறான். அப்போது முடி இடுப்பைத் தொடும்.

கிட்டப் போனான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆச்சரியம் காட்டாமல், “வந்துட்டியா?” என்றாள். ஏதோ கடைக்குப் போய்விட்டு வந்தவனைக் கேட்பது போல.

“ஜனீன்... நீயா நின்ன, என் எடத்துல?”

“வேற யாருக்கு அந்த வாசிப்பு தெரியும்? நீ வேற யாருக்காவது பின்படியில சொல்லிக்குடுத்தியா என்ன?” சிரித்தாள். “பைல இருந்த உன் தொப்பியை ரெயால் வீட்டுக்குக் கொண்டாந்தான். தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டான், சீசனே போச்சுன்னு. நான் உள்ள போயி கத்திரிக்கோலை எடுத்து சடையை வெட்டினேன். அம்மா ஒப்பாரி வச்சாங்க. ரெண்டே நாள்ல டிரில் படிச்சேன். உன் உடுப்புல தோளுக்கு மட்டும் பஞ்சு வச்சாங்க.”

“ஃபாதர் துப்ரே?”

“வரிசையைச் சுத்திப் பார்த்துக்கிட்டே வந்தாரு. என் முன்னாடி நின்னாரு. கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் தொடச்சாரு. தொடச்சுக்கிட்டே அடுத்த ஆளுகிட்ட போயிட்டாரு. அதுக்கப்புறம் அவர் அதைப் பத்தி வாயே தெறக்கல. வெளில தெரிஞ்சா அணியையே போட்டிலேர்ந்து தூக்கிடுவாங்கன்னு ஊரே வாயை மூடிக்கிட்டுது.” பியூகிளைக் கையில் திருப்பிக்கொண்டாள். “என் வாழ்க்கையிலேயே நல்ல ஒரு மாசம் அது, நார்மன். நீ போகாம இருந்திருந்தா எனக்குக் கொடிதான். அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு.”

நன்றி! அவனுக்குக் காது கூசியது.

“கோவம் இல்லையா உனக்கு?”

“இல்லாமலா? கமோடோர்ஸுக்குப் போனதுக்கா கோவம்? பெரிய அணி கூப்பிட்டா எவன் போக மாட்டான்? நானே போயிருப்பேன். எங்கிட்ட சொல்லாம போன பாரு, அதுக்குத்தான். ஆனா உன் தொப்பி தலையில ஏறினதும் பாதி கோவம் போயிருச்சு. மீதியைப் போட்டியன்னிக்குத் தீத்துக்கலாம்னு இருந்தேன். முடிவு சொல்றப்போ உங்க அணிக்கு நேர் எதிரேதான் நின்னோம். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நீ மூணாவது ஆளு. நான் உன்னையே பார்த்துக்கிட்டிருந்தேன். நேர் எதிரே இருந்ததால கண்ணைக்கூட திருப்ப வேண்டியதில்ல. நீ ஒரு தடவை நிமிர்ந்திருந்தா தொப்பியைக் கழட்டிருப்பேன். முடிவே பண்ணி வச்சிருந்தேன். ஜட்ஜு பாக்கட்டும், அணியைத் தூக்கட்டும், ரெயால் என்னைக் கொல்லட்டும், இவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்னு. ஆனா நீ குனிஞ்ச தலை நிமிரல. ஜெயிச்சப்பகூட நிமிரல. அப்படி என்னதான் இருந்துச்சு உன் ஷூவுல?”

“உங்க வரிசையைப் பாக்க தைரியம் வரல. ஓட்டை கண்ணுல படுமேன்னு.”

“ஓட்டை எனக்கு இடது பக்கம் இருந்துச்சு,” என்றாள் ஜனீன். “அதுக்குப் பக்கத்துல நான் இருந்தேன்.”

அவள் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எங்கே நின்றாள் என்று சொன்னாள், அவ்வளவுதான்.

“போன் பண்ணுவேன்னு நெனச்சேன்,” என்றாள் பிறகு. “கிறிஸ்துமஸ் வரைக்கும் நெனச்சேன். அம்மா போனை யாரையும் தொட விடாம வச்சிருந்தாங்க, நீ கூப்பிடறப்போ லைன் பிஸியா இருக்கக் கூடாதுன்னு. சடையை வெட்டினதுக்கு அழுத அதே அம்மா.”

“கூப்பிடணும்னுதான்... பல தடவை...”

“கூப்பிடல.”

“இல்ல. கூப்பிடல.”

மேஜைப் பக்கத்திலிருந்து ஜெரார், “ஜனீன், உனக்கு வெங்காயம் போட்டதா, போடாததா?” என்று கத்தினான். “போடாதது! நாப்பத்தாறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்!” என்று இவளும் கத்தினாள். திரும்பி நார்மனிடம், “பொன்னுக்குவீங்கிக்காரனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் குடுக்கறது என் வேலையாப் போச்சு. அப்படியே ஒட்டிக்கிச்சு, கல்யாணம் வரைக்கும்,” என்றாள். முகத்தில் ஒரு பழைய சந்தோஷம் வந்து போயிற்று. ஜெரார் நல்ல மனுஷன். அதைப் பார்த்தாலே தெரிந்தது. அதுவும் நார்மனுக்கு வலித்தது.

காரலோடு அவன் ஒழுங்காகத்தான் வாழ்ந்தான். அந்த வாழ்க்கையையும் இதையும் ஒரே தராசில் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை, அது காரலுக்குச் செய்கிற அநியாயம். ஆனால் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தியிருந்தால் போதும் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது? யாரும் தடுக்கவில்லை, யாரும் பகைக்கவில்லை. கண்ணுக்கு எதிரே ஒரு பெண் தொப்பியைக் கழற்றக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தான் செய்த தப்பு பெரியது, பெரியது என்று சொல்லிச் சொல்லியே அதைவிடப் பெரிய தப்பைச் செய்திருக்கிறான்.

“எல்லாரும் வரிசைக்கு!” என்று ரெயால் மடக்கு நாற்காலியிலிருந்து தடியைத் தூக்கினான். “கோடெட், நீ எங்க வேணா நில்லு. எங்க நின்னாலும் உப்புக்குச் சப்பாணிதான் நீ!”

ஜனீன் போகத் திரும்பினாள், நின்றாள். “உன் எடம் வேணுமா?” என்று கேட்டாள். “அதுக்காகத்தானே வந்திருக்க? நான் பக்கத்துல தள்ளி நிக்கிறேன். தனி வாசிப்பையும் நீயே ஊது. நெசமாத்தான் சொல்றேன்.”

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். அவன் சரி என்றிருந்தால் அந்த நிமிஷமே விலகியிருப்பாள். அதற்காகத்தான் அவன் வந்திருந்தான். கார் ஷெட்டில் உதடு வீங்க வீங்க ஊதியதும் அதற்காகத்தான். இப்போது அது அவன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

“வேண்டாம்,” என்றான். “அது உன்னோடது.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் நடுவில் நின்றுகொண்டாள். நார்மன் வரிசையின் வலது கோடிக்குப் போனான். அங்கே ஓர் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். “சத்தமா ஊதாதேப்பா, எனக்குக் காதுல மெஷின் இருக்கு,” என்றார்.

டிரம்கள் தொடங்கின. சண்டைக்காரர்கள் இருவரும் ஆளுக்கொரு வேகத்தில் அடித்து, நாலாவது அடியில் சமாதானத்துக்கு வந்தார்கள். பிறகு பியூகிள்கள் எழுந்தன. உதடு தளர்ந்த, மூச்சு போதாத, பாதிப் பல் சொந்தமில்லாத கிழங்களின் ஊதல்தான். சுரங்கள் அங்கங்கே வழுக்கின. ஆனால் அந்த முதல் பெரிய முழக்கம் பள்ளிச் சுவரில் மோதித் திரும்பியபோது நார்மனுக்கு முதுகெலும்பு தானாக நிமிர்ந்தது. முகவாய் உயர்ந்தது. கண் நேர் எதிரே போய் நின்றது. உடம்பு எதையும் மறக்கவில்லை. அவன் மூன்றாம் குரலுக்கான பகுதியை ஊதினான், தப்பில்லாமல் ஊதினான், கன்னத்தில் தண்ணீர் வழிவதைத் துடைக்காமல் ஊதினான்.

கடைசிப் பாட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அந்த மௌனத்தில் ஒரு சின்ன பியூகிள் மட்டும் எழுந்தது.

பின்படியில் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அவன் அதை எப்போதும் வேகமாக, கொஞ்சம் மிடுக்காக ஊதுவான், கூட்டம் கைதட்ட வேண்டும் என்பதற்காக. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் அது முடிகிற இடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். இப்படி ஊத வேண்டிய வாசிப்பு இது என்று அவனுக்கு அன்றுவரை தெரியாது. ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இது இருந்திருக்கிறது, அரை மணி நேரக் கார்ப் பயணத்தில்.

நார்மன் தலையைத் திருப்பினான். வரிசையில் நிற்கும்போது, நிமிர்ந்த நிலையில், சட்டமெல்லாம் தெரிந்தே திருப்பினான். நடுவில் நின்ற அவளைப் பார்த்தான்.

“கோடெட்!” என்று ரெயாலின் குரல் வெடித்தது. “தலை! தலை திரும்புது பாரு! போடு ஒரு கோடு!”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தீயணைப்புக்காரர் முழங்கையால் இடித்தார். நார்மன் திருப்பின தலையைத் திருப்பியபடியே வைத்திருந்தான்.

“இன்னும் பாக்கறான்! இன்னொரு கோடு! செவிடாடா நீ?”

போடட்டும், எத்தனை வேண்டுமானாலும் போடட்டும்.

ஜனீன் திரும்பவில்லை. ஊதி முடிக்கிற வரைக்கும் அவள் கண் நேர் எதிரே, ஆளில்லாத மைதானத்தின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும்.